இணைப்பினால் கடன் தீருமா?

சர்க்கார் பஸ் கழகங்களின் பணமுடை யாரும் அறியாத சங்கதியன்று. 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் தமிழ்நாடு சர்க்கார் தமது நிதி நிலைமையைப் பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையிலேயே, பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்று கணக்கிட்டுக் காட்டப்பட்டது. இந்நோய்க்கு மருந்து என்ன என்ற கேள்வி எழும்போதெல்லாம், கழகங்களை ஒன்றாக இணைத்துவிடலாம் என்ற யோசனையும் கூடவே தலையெடுக்கிறது. கழகங்கள் எட்டு எதற்கு, தலைமை ஆபீஸ்கள் எட்டு எதற்கு, எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தால் செலவு குறையாதா என்று கேட்போர் உண்டு. கேட்பதற்கு இனிய யோசனைதான். ஆனால், வற்றிய வாய்க்கால்கள் எட்டையும் ஒன்றாக வெட்டிச் சேர்த்துவிட்டால் நீர் பெருகிவிடாது. தலைப்பில் தண்ணீர் திறந்தாக வேண்டும். காவிரிப் பாசனத்திலே வாழும் நமது குடியானவர்களுக்கு இதை ஒருவர் விளக்க வேண்டியதில்லை.

இணைப்பு நமக்குப் புதிய அனுபவமும் அன்று. தனியார் பஸ்களைச் சர்க்கார் ஏற்றுக்கொண்ட காலத்தில், 1972-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ந் தேதி, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தோன்றிற்று. பின்னர் ஒன்று பலவாகப் பிரிந்தது. தலைவர்கள், வீரர்கள் பெயரால் ஜில்லாவுக்கு ஜில்லா கழகங்கள் எழுந்தன. பெயர் சூட்டுவதைப் பற்றித் தென் ஜில்லாக்களில் சாதிக் கலவரம் மூளவே, 1997-இல் அப்பெயர்கள் யாவும் நீக்கப்பட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப் பெயர் வைக்கப்பட்டது. அடுத்த சில வருஷங்களில் சிறிய கழகங்கள் பெரியவற்றோடு சேர்க்கப்பட்டன. திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி ஆகிய மூன்றும் கும்பகோணத்தின்கீழ் வந்தன. ஆக, இணைப்பு என்னும் மருந்தை நாம் முன்னமே உட்கொண்டாயிற்று. வெள்ளை அறிக்கை சொன்ன நஷ்டம், அம்மருந்து உட்கொண்ட பின்பு கண்ட நஷ்டமேயாகும்.

பணமுடை என்பது கணக்குப் புஸ்தகத்தோடு நின்றுவிடும் விஷயமா? 2017-ஆம் வருஷம் அக்டோபர் 20-ந் தேதி பொறையாறு டெப்போவில் பழைய கட்டடத்தின் கூரை இடிந்து, ஓய்வு கொண்டிருந்த தொழிலாளர் எட்டுப் பேர் மாண்டனர். அதற்கடுத்த ஜனவரியில், சம்பள ஒப்பந்தத்துக்காகவும் ஓய்வு பெற்றோரின் பாக்கிக்காகவும் மாகாணம் முழுவதிலும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 2024 ஜனவரியிலும் ஓய்வூதியம் பெறுவோரின் பஞ்சப்படிப் பாக்கியை முன்னிட்டு மீண்டும் வேலைநிறுத்தம் வந்தது. உயிரோடு ஓட்டியவனுக்கு ஒழுங்கான கூரையில்லை. ஓட்டி ஓய்ந்தவனுக்கு உரிய காசு இல்லை. தலைமை ஆபீஸின் பெயர்ப் பலகையை மாற்றினால் இவ்விரண்டும் கிடைத்துவிடுமா?

நஷ்டத்தின் மூலகாரணம் எளிதில் விளங்கக்கூடியது. கட்டணத்தை விதிப்பவர் சர்க்கார்; சலுகையை அளிப்பவர் சர்க்கார்; செலவைத் தாங்குவது மட்டும் கழகம். 2011 நவம்பரில் உயர்ந்த கட்டணம் 2018 ஜனவரி வரையில் அசையவில்லை. அதற்குள் டீசல் விலையும் சம்பளமும் அசையாமல் நின்றனவா? பிறகு ஒரே இரவில் கட்டணத்தை ஏற்றவே, மாணவரும் கூலிக்காரரும் வீதிக்கு வந்தார்கள். சில தினங்களில் ஒரு பகுதியைக் குறைக்க நேர்ந்தது. ஆறு வருஷம் உறங்கி ஒரே நாளில் விழிப்பது நிர்வாகமாகாது.

2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் ஸ்திரீகள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யலாமென்று உத்தரவு பிறந்தது. அதை நாம் மனமார ஆதரிக்கிறோம். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஊர்விட்டு ஊர் போகும் பெண்ணின் அன்றைய கூலியில் பஸ் சத்தம் ஒரு பங்கைத் தின்றுவந்தது. அப்பங்கு அவள் மடியிலேயே நிற்பது நாட்டுக்கு லாபம். ஆனால் தர்மம் செய்பவர் தம் பையிலிருந்து செய்ய வேண்டும். அச்சலுகைக்கும், மாணவர் பாஸுக்கும், லாபமில்லாத கிராமத் தடங்களுக்கும் ஆகும் செலவைச் சர்க்கார் பொக்கிஷம் முழுமையாகவும், தவணை தவறாமலும் கழகத்துக்குச் செலுத்த வேண்டும். செலுத்துவதில் ஏற்படும் ஒவ்வொரு தாமதமும் டெப்போவின் கூரையிலும், வண்டியின் டயரிலும், தொழிலாளியின் பாக்கியிலும் போய் முடிகிறது.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு நமது ஜில்லாவே சாக்ஷி. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்கு 1894-இல் ரயில் ஓடிற்றே, அது யாருடைய பணம்? தஞ்சாவூர் ஜில்லா போர்டார் ரயிலுக்கென்றே நிலத்தின்மீது ஒரு சிறு வரி விதித்துச் சேர்த்த பணம். ரயிலை ஓட்டும் வேலையைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். முதலில் வருவாய்க்கு வழி, அப்புறம் வண்டி, ஓட்டுபவர் யார் என்பது அதற்கும் அப்புறம். நம் பாட்டன்மார் அறிந்திருந்த இவ்வரிசையை நாம் ஏன் தலைகீழாக்க வேண்டும்?

பிற தேசத்தாரும் இதே படிப்பினையைத்தான் கற்றிருக்கிறார்கள். லண்டன் மாநகரில் 1933-இல் டிராம், பஸ், பாதாள ரயில் யாவும் ஒரே போர்டின்கீழ் வந்தன. அமெரிக்காவில் சிகாகோ நகரத்துப் போக்குவரத்து ஸ்தாபனங்கள் பெரும் பற்றாக்குறையை எதிர்நோக்கி நின்றபோது, இல்லினாய் சட்டசபை 2025 அக்டோபரில் அவற்றின்மேல் அதிக அதிகாரமுள்ள ஒரு பொது ஸ்தாபனத்தை ஏற்படுத்திச் சட்டம் செய்தது. அச்சட்டத்திலேயே புதிய வருவாய்க்கும் வழி வகுத்தது. இணைப்பும் பணமும் ஒரே சட்டத்தில் வந்ததே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

ஆகவே இணைப்பை நாம் அடியோடு எதிர்க்கவில்லை. பிரயாணிக்குப் பயன்படும் இணைப்பை வேண்டுகிறோம். தஞ்சாவூரில் ரயில் நிலையம் ஓரிடம், புதிய பஸ் நிலையம் தொலைவில் வேறோரிடம். ரயிலும் பஸ்ஸும் ஒன்றையொன்று அறியாத அயலாரைப்போல் ஓடுகின்றன. நாகப்பட்டினத்திலிருந்து காரைக்காலுக்குள் நுழைந்தால் ராஜாங்கமே வேறு. இவற்றுக்கெல்லாம் ஒரே டிக்கட்டும் ஒத்த நேர அட்டவணையும் ஏற்படுமாயின், அதுவே மெய்யான இணைப்பு. சென்னைக்கு இத்தகைய ஒருங்கிணைப்புக்கென 2010-லேயே சட்டம் இயற்றினார்கள். காவிரிப் படுகைக்கு அது ஏன் ஆகாது? இதை விடுத்து, கும்பகோணத்தில் முடிவாகும் காரியத்தைச் சென்னைக்குத் தூக்கிச் சென்றால், வேதாரண்யத்துக் கிராமத்தில் கடைசி வண்டி நின்றுபோனதை யாரிடம் முறையிடுவது?

முதலாவது, சலுகைகளின் செலவு தவணை தவறாமல் கழகத்தைச் சேர வேண்டும். இரண்டாவது, பஸ்ஸுக்கென்றே ஒதுக்கிய நிலையான வருவாய் ஒன்று சட்டத்தால் ஏற்பட வேண்டும். மூன்றாவது, டிக்கட்டும் அட்டவணையும் ஒன்றாக வேண்டும். இம்மூன்றும் நிறைவேறிய பின், ஆபீஸ்கள் எட்டா ஒன்றா என்பதை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். பஞ்சாயத்திலும் நகரசபையிலும் தொழிற்சங்கத்திலும் பணியாற்றும் நண்பர்கள், இனி இணைப்பென்று பேச வருவோரிடம் ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: பணம் எங்கே? அதற்கு விடை வருமளவும் இணைப்புப் பேச்சுக்கு நாம் இசைவதற்கில்லை.