துரோகம் என்னும் எளிய விடை: மைசூர் வீழ்ச்சி குறித்து ஒரு மறுப்புரை

திப்பு சுல்தானின் வீழ்ச்சி பற்றித் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகள் பல, மீர் சாதிக்கின் துரோகத்தில் தொடங்கி அதிலேயே முடிகின்றன. கட்டபொம்மன் வரலாற்றில் எட்டப்பனுக்கு அளிக்கப்பெற்ற இடமே இங்கு அவருக்கும் அளிக்கப்பெறுகிறது. இக்பால் 1932இல் வெளியிட்ட ‘ஜாவித் நாமா’ என்னும் பாரசீகக் காவியமும் அவரைப் பழிக்கிறது. காவியம் பழிக்கலாம், ஆராய்ச்சி அவ்வளவில் அமைதல் தகாது.

1799 மே 4 அன்று ஊதியம் வழங்குவதாகக் கூறி, மதில் உடைப்பில் நின்ற காவலரை அவர் அகற்றினார் என்பது வழக்கு. அதனை முற்றும் உண்மையெனவே கொள்வோம். கொண்டாலும் அஃது ஒரு நண்பகலின் நிகழ்வை மட்டுமே விளக்கும். மதிலை உடைத்த பீரங்கிகள் சீரங்கப்பட்டணம் வரை வந்து சேர்ந்த வரலாற்றை விளக்காது.

காவலர் நிலைத்திருப்பின் பருவமழையில் காவிரி பெருகி முற்றுகை தளர்ந்திருக்கும் என்பர் சிலர். இவ்வாதத்திற்கு விடை 1791இலேயே உள்ளது. அவ்வாண்டு மே மாதத்தில் மழையாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் இழுவை மாடுகள் மடிந்தமையாலும் கார்ன்வாலிஸ் தம் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்கினார். ஆயினும் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் வந்தார். மராட்டியரும் நிசாமும் துணைநின்றனர். பஞ்சாரா வணிகர் பொதிமாடுகளில் தானியம் கொணர்ந்தனர். வங்காளத்து வரிப்பணம் கும்பினியின் போர்ச்செலவைத் தாங்கியது. 1792 மார்ச் மாத உடன்படிக்கையால் மைசூர் தன் நிலத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் செலுத்தவும், இளவரசர் இருவரைப் பிணையாக அனுப்பவும் இசைந்தது. இத்தோல்விக்குத் துரோகி எவரும் தேவைப்படவில்லை.

1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் மைசூர்ப் படை பெய்லியின் படையை அழித்தபோது, மராட்டியர் கும்பினியோடு போரிட்டுக்கொண்டிருந்தனர். 1790இல் அதே மராட்டியர் கும்பினியின் அணியில் நின்றனர். இடையில் 1782இன் சால்பாய் உடன்படிக்கையும், 1785 முதல் 1787 வரை திப்பு மராட்டியரோடும் நிசாமோடும் நடத்திய போரும் உள்ளன. துரோகக் கதை கும்பினியின் நிதிவலிமையை மட்டுமன்றி, மைசூரின் அயலுறவுப் பிழைகளையும் மறைக்கின்றது.

இம்மறைப்பால் தமிழாய்வுக்கு நேரும் இழப்பும் சிறிதன்று. 1792இல் பாரமகாலும் திண்டுக்கல்லும் கும்பினியின் வசமாயின. பின்னர்ச் சென்னை மாகாணத்தில் பரவிய இரயத்துவாரி முறை, பாரமகாலில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் மேற்கொண்ட நிலவரி ஏற்பாட்டில் வேர்கொண்டது. தமிழ் உழவரின் வாழ்வை மாற்றிய அவ்வாண்டு நம் கட்டுரைகளில் ஒரு வரியாகவும் இடம்பெறுவது அரிது. 1799இன் துரோகமோ பக்கம் பக்கமாக விரிகின்றது.

கன்னடம், மராத்தி, உருது வழங்கும் நிலங்களில் இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு அம்மொழிச் சான்றுகள் அண்மையில் உள்ளன. அவற்றை நோக்காது, ஒருவன் காட்டிக்கொடுத்தான் என முடிக்கும் ஆய்வேட்டை இனியேனும் ஆய்வேடாக ஏற்றல் ஆகாது.