பாட்டு நம்முடையது, பதிவு யாருடையது?

நம் காலனிகளில் பாட்டுக்கும் அடிக்கும் பஞ்சமில்லை. பதிவுக்குத்தான் பஞ்சம். சாவு வீட்டில் விடிய விடிய ஒப்பாரி சொன்ன பாட்டி கண்ணை மூடினால், அவர் கட்டிய பாட்டும் அவரோடு போய்விடுகிறது. பறையில் பெரியவர்கள் அடித்த சில அடிகளை இன்று அடித்துக் காட்டவே ஆள் இல்லாத ஊர்கள் உண்டு. மிஞ்சியிருக்கும் பதிவுகளில் பாதி செல்போனில் எடுத்த இரைச்சல். மீதியை எங்கிருந்தோ ஒருவர் கேமராவோடு வந்து எடுத்து, தன் சேனலில் தன் பெயரில் போட்டுக்கொண்டிருப்பார். அடித்தவர்களுக்கு அன்றைக்கு ஒரு டீயும் வடையும்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஓர் ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு. அதாவது முன்கையெடுத்து, பொறுப்பேற்றுப் பதிவு செய்தவருக்கு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தனி உரிமை உண்டு. வணிக வருவாயில் ராயல்டி கேட்கலாம் என்று 2012 திருத்தம் சொல்கிறது. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் அதை வழக்குப் போட்டு வாங்கப் போகிறாரா? அதைவிட நாமே பதிவு செய்வது எளிது. கே.ஏ.குணசேகரனின் குரல் ஒலிநாடாவில் ஊர் ஊராகப் போன காலத்தில் பதிவு என்பது பெரிய செலவு. இன்று ஒரு கறவை மாட்டின் விலைகூட ஆகாது.

ஸ்டூடியோ இருக்கிறதே என்பார்கள். அங்கே மணிக்கணக்கில் வாடகை. அதைவிடப் பெரிய சிக்கல், பறையைக் காய்ச்ச நெருப்புக்கு இடமில்லை. குளிரூட்டிய அறையில் தோல் தொய்ந்துபோய் அடி மந்தமாக விழும். வாசலில் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் உள்ளே வந்து அடிக்க நம் வீடுதான் சரி.

சரி, எதை வாங்குவது? கடைக்குப் போகிற இளைஞர்கள் முதலில் ஏமாறுவது மிக்சரின் பெயரில் இருக்கும் எண்ணில். பெரிங்கர் க்யூ802யூஎஸ்பி என்றால் எட்டு மைக் போடலாம் என்று நினைக்கிறார்கள். அதில் மைக் போடுவதற்கான இடம் இரண்டுதான். மற்றவை கீபோர்டு, பிளேயர் போன்றவற்றுக்கு. யமஹா எம்ஜி10எக்ஸ்யூவில் பத்து சேனல், மைக் நாலுதான். பெயரைப் பார்க்காதீர்கள். மூன்று பின் மைக் வயர் எத்தனை செருகலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். விலை குறைந்த யூஎஸ்பி மிக்சர்கள் பெரும்பாலும் எல்லா மைக்கையும் ஒன்றாகக் கலந்து, இடம் வலம் என்று இரண்டே தடமாகத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். சோறும் குழம்பும் பிசைந்தபின் பிரிக்க முடியாதது போல, பாடுகிறவர் குரல் பறைக்குள் அமுங்கிவிட்டால் பிறகு அதை மட்டும் தூக்க முடியாது. மேடையில் பயன்படுத்த மிக்சர் நல்லது. வீட்டில் பதிவு மட்டும்தான் என்றால், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டியை வாங்குவதே நல்லது என்பது நம் கருத்து. அது ஒவ்வொரு மைக்கையும் தனித் தடமாக அனுப்பும். பெரிங்கர் யூஎம்சி404எச்டி போன்ற பெட்டியில் நாலு மைக் தனித்தனியாகப் போகும். ஒருவர் பாடும் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் இரண்டு மைக் பெட்டி போதும். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். பறைக்குழு என்றால் நாலு மைக் பெட்டிக்குக் காசு சேர்க்கலாம்.

பறை சத்தமான கருவி. அதனால் பேட் என்ற பொத்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே வரும் சத்தத்தைக் குறைத்து எடுத்துக்கொள்வதுதான் அதன் வேலை. இல்லாவிட்டால் மைக்கை நாலடி தள்ளி வைக்க வேண்டும். பதிவைத் தொடங்கும் முன் குழுவில் யார் ஓங்கி அடிப்பாரோ அவரை அடிக்கச் சொல்லி, கெயின் திருகைத் திருப்புங்கள். சிவப்பு விளக்கு ஒரு தடவையும் எரியக் கூடாது. சத்தம் குறைவாகப் பதிந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம், கிழிந்து பதிந்ததை எந்த மென்பொருளும் தைக்காது.

மைக்குக்கு அலைய வேண்டாம். உள்ளூர் மைக் செட்காரரிடம் இருக்கும் டைனமிக் மைக் பறைக்கும் பொருந்தும், குரலுக்கும் பொருந்தும். கண்டென்சர் மைக் வைத்திருந்தால் பெட்டியில் 48 வோல்ட் பொத்தான் இருக்க வேண்டும். மெல்லிய குரலில் பாடும் மூதாட்டிகளுக்கு அது நன்றாகவே எடுக்கும். எக்கோ, ப்ளூடூத், வண்ண விளக்கு இவற்றுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். எக்கோவோடு பதிந்தால் எக்கோவை எடுக்க முடியாது. வேண்டுமானால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பிறகு சேர்க்கலாம். அரசு கொடுத்த மடிக்கணினி பழுதில்லாமல் இருந்தால் அதிலேயே இந்த வேலை நடக்கும். உம்ம்ம் என்று மின்சார இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் எர்த் சரியாக இல்லாததுதான் பல இடங்களில் காரணம். தகரக் கூரை வீடென்றால் மழை நாளில் பதிவு வேண்டாம். சுவரோரம் கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும்.

பணத்துக்கு என்ன செய்வது? எட்டுப் பேர் குழுவில் ஆளுக்கு இரண்டாயிரம் என்றால் பெட்டியும் வயர்களும் வந்துவிடும். கல்யாணக் கூலியில் மாதாமாதம் ஒதுக்கினால் ஒரு சீசனில் முடியும். ஆனால் அரசிடமும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு இசைக்கருவியும் ஆடை அணிகலன்களும் வாங்க அரசு நிதியுதவி தருகிறது. பதிவுக் கருவியையும் இசைக்கருவியாக அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பறை வாங்க உதவுகிற அரசு, அந்தப் பறையின் சத்தம் அதன் சொந்தக்காரர் கையிலேயே இருக்கவும் உதவுவதில் என்ன தடை? கலை பண்பாட்டுத் துறைக்கும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துக்கும் குழுக்கள் தனித்தனியாக மனு எழுதட்டும். கல்லூரி மாணவர்கள் எழுதிக் கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு வேலை, இதற்குக் காசு வேண்டாம். பதிவு நடக்கும் நாளிலேயே ஒரு தாளில் தேதி, பாடியவர், அடித்தவர்கள், பாட்டுக் கட்டியவர், பாட்டு யாரிடமிருந்து வந்தது, வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்து வராத பெரியவர்கள் கைநாட்டு வைக்கட்டும். ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.