பின்னால் வருகிறவர் பட்டம் வெல்ல முடியுமா?

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ, அவர் வெற்றி பெற்றவர். இது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால், உலக சாம்பியன் பட்டம் இப்படி ஒரே நாளில் கிடைத்துவிடாது.

அது ஒரு வருடப் போட்டி. வீரர்கள் நாடு நாடாகப் போக வேண்டும். அங்கங்கே பந்தயம் நடக்கும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளி உண்டு.

முதலாவதாக வருகிறவருக்கு 25 புள்ளி. இரண்டாவதாக வருகிறவருக்கு 20. மூன்றாவதாக வருகிறவருக்கு 16. இப்படியே குறைந்துகொண்டு போய், 15-வது ஆளுக்கு ஒரே ஒரு புள்ளி கிடைக்கும். அதற்கும் பின்னால் வந்தால் ஒன்றும் கிடையாது. கீழே விழுந்து பந்தயத்தை விட்டாலும் ஒன்றும் கிடையாது.

வருடக் கடைசியில் யாரிடம் அதிகப் புள்ளி இருக்கிறதோ, அவரே சாம்பியன்.

பாதி வருடம் முடிந்துவிட்டது. ஒரு வீரர் வெகுதூரம் பின்தங்கிவிட்டார். இனி அவர் பட்டம் வெல்ல முடியுமா?

"முடியாது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்" என்பார்கள் பலர்.

"மனம் வைத்தால் முடியாதது உண்டா?" என்பார்கள் சிலர்.

இரண்டும் அரைப் பதில்தான். முழுப் பதில் வேண்டுமானால், 2022-ம் ஆண்டில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

விழுந்தார், மீண்டும் விழுந்தார்

பிரான்செஸ்கோ பன்யாயா இத்தாலி நாட்டு வீரர். அப்போது அவருக்கு வயது 25. அவர் ஓட்டியது இத்தாலியில் செய்த டுகாட்டி மோட்டார் சைக்கிள்.

அவருக்கு எதிராளி பேபியோ குவார்டராரோ. பிரான்சு நாட்டுக்காரர். அவர் ஓட்டியது ஜப்பான் நாட்டு யமஹா. முந்தின ஆண்டான 2021-ல் சாம்பியன் பட்டம் வாங்கியவர் அவர்தான். அந்த ஆண்டு இரண்டாவது இடத்தில் நின்றவர் பன்யாயா.

2022-ல் எப்படியும் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று பன்யாயா கிளம்பினார். ஆரம்பமே சரியில்லை. முதல் பந்தயம் கத்தார் நாட்டில். விழுந்தார்! இரண்டாவது பந்தயம் இந்தோனேசியாவில், மழையில். 15-வதாக வந்தார். கிடைத்தது ஒரு புள்ளி.

பிறகு ஸ்பெயின் நாட்டு ஹெரெசில் ஒரு வெற்றி. அடுத்து பிரான்சில் விழுந்தார். சொந்த நாடான இத்தாலியில் முகெல்லோ பந்தயத்தில் வெற்றி. அடுத்து பார்சிலோனாவில், முதல் வளைவிலேயே வேறு ஒரு வீரர் சறுக்கி வந்து இவர் மீது மோதினார். இவர் மீது ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் புள்ளி பூஜ்யம்தான்.

ஜூன் 19-ந் தேதி ஜெர்மனியில் பத்தாவது பந்தயம். முன்னால் ஓடிய குவார்டராரோவைத் துரத்திக்கொண்டு போனபோது, பன்யாயா மறுபடியும் விழுந்தார். குவார்டராரோ வென்றார்.

மொத்தம் 20 பந்தயம். பாதி முடிந்துவிட்டது. குவார்டராரோவிடம் 172 புள்ளி. பன்யாயாவிடம் 81. வித்தியாசம் 91!

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மீதி இருப்பது 10 பந்தயம். பத்திலும் பன்யாயா முதலாவதாகவே வந்தால் 250 புள்ளி கிடைக்கும். பழைய 81-ஐயும் சேர்த்தால் 331. குவார்டராரோ பத்திலும் இரண்டாவதாக வந்தாலே போதும். 200 புள்ளி கிடைத்துவிடும். அவருடைய 172-ஐச் சேர்த்தால் 372.

அதாவது, ஒரு பந்தயம்கூட விடாமல் ஜெயித்தாலும் பன்யாயா தன் சொந்த முயற்சியால் மட்டும் பட்டம் வாங்க முடியாது. முன்னால் இருப்பவர் இடற வேண்டும். ஒரு தடவை அல்ல, பல தடவை இடற வேண்டும்.

"முயற்சி செய்தால் போதும்" என்கிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

முன்னவர் இடறினார்

ஒரு வாரம்தான் ஆயிற்று. ஜூன் 26-ந் தேதி நெதர்லாந்தில் ஆசென் பந்தயம். குவார்டராரோ இன்னொருவரை முந்தப் போனார். விழுந்தார். எழுந்து ஓட்டினார். திரும்பவும் விழுந்தார். பன்யாயா வென்றார். வித்தியாசம் 66 ஆகக் குறைந்தது.

இதற்குப் பிறகு வந்த ஓய்வு நாட்களில் பன்யாயா ஒரு வெட்கக்கேடான காரியம் செய்தார். இபிஸா தீவில் இரவு விருந்துக்குப் போய்விட்டு, காரை ஓட்டி வந்து, சாலையை விட்டு இறக்கிவிட்டார். போலீசார் சோதித்ததில், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் குடித்திருந்தது தெரிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. அவர் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வண்டி ஓட்டுவதே தொழிலாக உள்ளவர் செய்யக்கூடிய காரியமா இது?

ஆகஸ்டு மாதம் பந்தயம் தொடங்கியது. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் பன்யாயா வென்றார். ஆசெனில் இன்னொருவர் மீது இடித்ததற்காக, அங்கே குவார்டராரோவுக்குத் தண்டனை. ஒரு சுற்றில், பாதையின் ஓரமாகக் கோடு போட்ட நீளமான வளைவில் சுற்றிக்கொண்டு வரவேண்டும். அதில் சில வினாடி போய்விடும். இந்தப் பந்தயத்தில் சில வினாடி என்பது சில இடங்கள். அவர் எட்டாவதாக வந்தார்.

அடுத்து ஆஸ்திரியா. பன்யாயா வென்றார். அடுத்து இத்தாலியில் மிசானோ. அதிலும் அவரே! வரிசையாக நான்கு வெற்றி. வித்தியாசம் 30-க்கு வந்துவிட்டது.

இந்த நான்கு வெற்றிகளும் சுலபமாகக் கிடைத்தவை அல்ல. இந்த வண்டிகள் நேர்பாதையில் மணிக்கு 360 கிலோ மீட்டரையும் தாண்டும். எக்ஸ்பிரஸ் ரெயில் ஓடும் வேகத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! வளைவு வந்ததும் பிரேக் பிடித்து, முழங்கை தரையில் உரசும் அளவுக்கு வண்டியைச் சாய்க்க வேண்டும். ஒரு நொடி முன்னதாகப் பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் முந்திவிடுவார். ஒரு நொடி தாமதமாகப் பிடித்தால் தரைதான்.

மிசானோவில் இரண்டாவதாக வந்த பாஸ்டியானினிக்கும் இவருக்கும் இருந்த இடைவெளி ஒரு வினாடியில் 30-ல் ஒரு பங்குதான். பாஸ்டியானினி ஓட்டியதும் டுகாட்டி வண்டியே. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த ஸ்பெயின் பந்தயத்தில் அவரே கடைசிச் சுற்றில் பன்யாயாவை முந்தி வென்றார். பன்யாயாவுக்கு அதனால் 5 புள்ளி நஷ்டம்.

டுகாட்டி வண்டி நல்ல வண்டி என்பது உண்மை. அந்த ஆண்டு எட்டு பேர் டுகாட்டி ஓட்டினார்கள். நேர்பாதையில் யமஹாவைவிட அது வேகமாகப் போயிற்று. ஆகவே, வெற்றியில் ஒரு பங்கு என்ஜினுக்கும் உண்டு. ஆனால், அதே டுகாட்டியில்தான் பன்யாயா முதல் பாதியில் நான்கு பந்தயங்களைக் கோட்டைவிட்டார் என்பதையும் நினைக்க வேண்டும்.

அதே ஸ்பெயின் பந்தயத்தில், அரகோனில், குவார்டராரோ முதல் சுற்றிலேயே முன்னால் போன வண்டியின் பின்பக்கம் மோதி விழுந்தார். வித்தியாசம் வெறும் 10!

அவசரம் செய்த கெடுதல்

இப்போது பன்யாயா செய்ய வேண்டியது என்ன? பொறுமையாக ஓட்ட வேண்டும். ஆனால் அவர் செய்தது என்ன?

ஜப்பானில் மோட்டகி பந்தயம். குவார்டராரோ எட்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தார். நேர் பின்னால் ஒன்பதாவதாகப் பன்யாயா. அப்படியே முடித்திருந்தால் 7 புள்ளி. முந்தியிருந்தால் 8 புள்ளி ஆகியிருக்கும். அந்த ஒரு புள்ளிக்காகக் கடைசிச் சுற்றில் முந்தப் பார்த்தார். விழுந்தார்! வித்தியாசம் மறுபடி 18 ஆயிற்று.

பின்தங்கியவருக்கு உள்ள பெரிய எதிரி முன்னால் போகிறவர் அல்ல, இந்த அவசரம்தான். எட்டிப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில், கையில் இருப்பதையும் இழந்துவிடுகிறார்.

நல்ல வேளையாக, பன்யாயா அதைச் சீக்கிரம் புரிந்துகொண்டார். தாய்லாந்தில் கொட்டும் மழை. மூன்றாவது இடம் போதும் என்று ஓட்டினார். குவார்டராரோ 17-வதாக வந்தார். புள்ளியே இல்லை. ஆஸ்திரேலியாவிலும் பன்யாயா மூன்றாவது. குவார்டராரோ விழுந்தார். 91 புள்ளி பின்னால் கிடந்தவர் 14 புள்ளி முன்னால் வந்துவிட்டார்! மலேசியாவில் மீண்டும் வெற்றி.

நவம்பர் 6-ந் தேதி ஸ்பெயின் நாட்டு வாலென்சியாவில் கடைசிப் பந்தயம். பன்யாயாவுக்கு 14-வது இடம் கிடைத்தாலே பட்டம் உறுதி. ஆரம்பத்தில் அவருக்கும் குவார்டராரோவுக்கும் உரசல் ஏற்பட்டது. பன்யாயா வண்டியின் முன்புற இறக்கைத் தகடு ஒன்று பிய்ந்து பறந்தது. வண்டி சொன்னபடி கேட்கவில்லை. ஒவ்வொருவராக அவரை முந்திப் போனார்கள். இந்தத் தடவை அவர் யாரையும் துரத்தவில்லை. ஒன்பதாவதாக வந்து சேர்ந்தார்.

முடிவு: பன்யாயா 265, குவார்டராரோ 248.

இவ்வளவு பெரிய இடைவெளியைத் தாண்டி இந்தப் பட்டத்தை வென்றவர் வேறு யாரும் இல்லை. இத்தாலி வண்டியில் இத்தாலி வீரர் ஒருவர் பட்டம் வென்று 50 ஆண்டு ஆகியிருந்தது. 1972-ல் அகோஸ்தினி வென்றதே கடைசி.

கடைசிப் பத்து பந்தயங்களில் பன்யாயா சேர்த்தது 184 புள்ளி. குவார்டராரோ சேர்த்தது 76. அவர் இன்னும் 18 புள்ளி சேர்த்திருந்தால் பட்டம் அவருக்கே! ஆகவே, "அதிர்ஷ்டம்" என்று சொல்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால், அதிர்ஷ்டம் கதவைத் தட்டியபோது பன்யாயா வீட்டில் இருந்தார். ஆசெனில் குவார்டராரோ விழுந்த அன்று பன்யாயா பத்தாவதாக வந்திருந்தால் என்ன பிரயோசனம்?

மயிரிழையில் போன பட்டம்

எட்டிப் பிடித்த பிறகும் பட்டம் கை நழுவுவது உண்டு. 2006-ல் இத்தாலி வீரர் வாலண்டினோ ரோஸி, அமெரிக்க வீரர் நிக்கி ஹைடனைவிட 51 புள்ளி பின்னால் இருந்தார். துரத்திப் பிடித்து, கடைசிப் பந்தயத்துக்கு முன்பு 8 புள்ளி முன்னால் வந்துவிட்டார். கடைசிப் பந்தயத்தில் விழுந்தார். எழுந்து ஓட்டி 13-வதாக வந்தார். ஹைடனுக்கு 252. ரோஸிக்கு 247.

அதற்கு முந்தின பந்தயம் போர்ச்சுகல் நாட்டில் நடந்தது. அதில் ரோஸி முதல் இடத்தை இழந்தது ஒரு வினாடியில் 500-ல் ஒரு பங்கு நேரத்தில்! அதனால் போனது 5 புள்ளி. அது கிடைத்திருந்தால் இருவரும் சமம். அதிக வெற்றி பெற்றவர் என்ற முறையில் பட்டம் ரோஸிக்குப் போயிருக்கும்.

இதைவிட மனத்தை உறுத்துகிற கதைகளும் உண்டு. 1992-ல் ஆஸ்திரேலிய வீரர் மிக் டூகன் வெகுதூரம் முன்னால் இருந்தார். ஆசெனில் பயிற்சியின்போது விழுந்து கால் முறிந்தது. காலையே எடுக்க வேண்டி வருமோ என்ற நிலைமை. நான்கு பந்தயங்களுக்கு வர முடியவில்லை. பின்னால் வந்த அமெரிக்கர் வெயின் ரெய்னி 4 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றார்.

அடுத்த ஆண்டு, 1993-ல், அதே ரெய்னி முன்னணியில் இருந்தார். மிசானோவில் விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. அதன்பின் அவரால் நடக்கவே முடியவில்லை. பட்டம், பின்னால் வந்த கெவின் ஷ்வான்ட்ஸுக்குக் கிடைத்தது. அந்தப் பட்டத்தை வாங்கியவருக்கு அதில் என்ன சந்தோஷம் இருந்திருக்கும்?

"முன்னால் இருப்பவர் இடற வேண்டும்" என்று சொல்வது சுலபம். இந்த விளையாட்டில் இடறுவது என்றால் எலும்பு.

மாறிய கணக்கு

2023 முதல் கணக்கு மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தோடு, சனிக்கிழமை ஒரு சின்னப் பந்தயமும் நடக்கிறது. அதில் வென்றால் 12 புள்ளி. ஆகவே, ஒரு வாரத்தில் 37 புள்ளி வரை சேர்க்கலாம். பின்தங்கியவருக்கு இது நல்லதுதான். ஆனால், முன்னால் இருப்பவரும் அதே 37-க்குத்தான் ஓட்டுகிறார்.

2023-லும் பன்யாயாவே சாம்பியன். 2024-ல் அவர் மறுபடியும் துரத்தும் நிலைமைக்கு வந்தார். அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை பந்தயங்களில் மட்டும் 11 வெற்றி பெற்றார். அவருக்கு முன்னால் இருந்த ஸ்பெயின் வீரர் ஜோர்ஜ் மார்ட்டின் பெற்றதோ மூன்றுதான். ஆனால், பன்யாயா ஜெயித்த நாட்களைப் போலவே விழுந்த நாட்களும் பல. மார்ட்டின் இரண்டாவது, மூன்றாவது என்று சேர்த்துக்கொண்டே போனார்.

நவம்பரில் பார்சிலோனாவில் கடைசிப் பந்தயம். பன்யாயா 24 புள்ளி பின்னால். சனிக்கிழமை ஓட்டினார், வென்றார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டினார், அதிலும் வென்றார். ஒரு மனிதரால் அதற்குமேல் என்ன செய்ய முடியும்?

மார்ட்டின் இரண்டு நாளும் மூன்றாவதாக வந்தார். விழவில்லை. அவருக்கு 508 புள்ளி. பன்யாயாவுக்கு 498.