பகதூருக்கு என்ன வயசு?

கூர்க்கா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ராத்திரி ரெண்டு மணி விசில். ஒண்ணாம் தேதி காலையில் "சலாம் சாப்". காசைக் கொடுத்துவிட்டு, "திருடனுக்குத் தான் எந்தத் தெருவில இருக்கோம்னு விசிலடிச்சு சொல்லிட்டுப் போறான்" என்று நம் தாத்தா அடித்த ஜோக்கையே நாமும் அடிப்போம்.

அசல் கூர்க்கா சமாசாரமே வேறு. 1947 நவம்பரில் இந்தியா, நேபாளம், பிரிட்டன் மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டன. இருந்த பத்து கூர்க்கா ரெஜிமென்ட்டில் ஆறு நமக்கு, நாலு வெள்ளைக்காரனுக்கு. (நம் ஊரில் அரை சென்ட் புழக்கடையைப் பங்கு பிரிக்கவே மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு அலையும்!) அடுத்த வருஷமே நாம் இன்னொன்று சேர்த்துக்கொண்டு ஏழாக்கினோம்.

ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவுக்கு 'சாம் பகதூர்' என்று பெயர் வந்தது 8-வது கூர்க்கா ரைபிள்ஸ் தொடர்பில்தான். ஓய்வுபெற்றதும் அவர் நம்ம குன்னூருக்கு வந்துவிட்டார். அந்தப் படையின் நேபாளச் சிப்பாய்களோ பெட்டி படுக்கையோடு எல்லை தாண்டித் தங்கள் மலைக்குப் போய்விடுவார்கள். ஆக, சண்டை போட்டது நமக்காக, பென்ஷன் நம் கஜானாவிலிருந்து, வீடு மட்டும் வெளிநாட்டில். இப்படி நேபாளத்தில் இருக்கும் நம் ராணுவப் பென்ஷன்காரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்!

இவர்களுக்காகக் காட்மாண்டு, போக்ரா, தரான் மூன்று ஊரிலும் நம் தூதரகத்தின் கீழ் பென்ஷன் ஆபீஸ் இருக்கிறது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டத்தில் கிளினிக்கும் உண்டு. மூன்று ஊர்தானே, பஸ் பிடித்தால் ஆச்சு என்று நினைக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வரவே மலையிறங்கி நடக்க வேண்டிய கிராமங்கள் அங்கே ஏராளம். அதனால் தூரத்து மாவட்டங்களுக்கு ஆபீஸே முகாம் போட்டுப் போகிறது. மனு எழுத, விசாரிக்க மாவட்ட சிப்பாய் போர்டுகளும் இருக்கின்றன.

பி.காம். படித்தவனாச்சே, கணக்கைப் பார்த்தேன். 1993 முதல் நம் 100 ரூபாய்க்கு அங்கே 160. பரவாயில்லையே என்று பொறாமைப்படும் முன் 2016 நவம்பரை நினைத்துப் பாருங்கள். நாம் பாங்க் வாசலில் கால் கடுக்க நின்றாவது 500, 1000 ரூபாய் நோட்டை மாற்றினோம். அங்கே டிரங்குப் பெட்டியில் நம் நோட்டை வைத்திருந்தவர்களுக்கு நின்று மாற்ற ஒரு க்யூகூட இல்லை.

வேலூர் பக்கம் என் தாய்மாமா ஒருத்தர், ரிட்டையர்ட் ஹவில்தார். நவம்பர் வந்தால் ஆதார் நம்பரைத் தட்டி, விரலை வைத்து, உயிரோடு இருப்பதை அஞ்சு நிமிஷத்தில் நிரூபித்துவிடுவார்.

"ஏன் மாமா, கூர்க்காகாரங்களும் இப்படித்தானா?" என்றேன்.

"அவங்களுக்கு ஏதுடா மாப்ளே ஆதாரு? அது இந்தியாவுல குடியிருக்கிறவனுக்குத்தானே குடுக்கிறான்? அவன் ஆளாத்தான் வந்து நிக்கணும், இல்லேன்னா அத்தாட்சி பண்ணின காகிதம் வரணும்."

"அதுல என்ன கஷ்டம்?"

"உயிரோட இருக்கிறவனுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. செத்தப்புறம்தான்டா கஷ்டமே. அவன் பெண்டாட்டிக்கு!"

மாமா சொன்னதை அப்புறம் விவரமாகப் பார்த்தேன். நேபாளத்தில் அரசாங்கக் காகிதங்களில் இருப்பது விக்ரம் சம்வத் வருஷம். நமக்குச் சித்திரை பிறக்கும் அதே ஏப்ரல் நடுவில்தான் அவர்களுக்கும் புதுவருஷம். ஆனால் எண் மட்டும் எங்கேயோ இருக்கும். ஓர் அம்மாள் 2012-ல் பிறந்ததாகக் குடியுரிமைச் சான்றிதழ் சொல்லும். பச்சைக் குழந்தை எப்படி விதவைப் பென்ஷன் கேட்கும் என்று பதறக்கூடாது. அதிலிருந்து 57-ஐக் கழித்தால் நம் வருஷம், 1955.

இங்கேதான் ஒரு குழி. ஏப்ரல் நடுவிலிருந்து டிசம்பர் முடியப் பிறந்தவருக்கு 57 கழிக்க வேண்டும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் பிறந்தவருக்கு 56. ஒரு குமாஸ்தா 57 கழிக்க, இன்னொருவர் 56 கழிக்க, ஒரே அம்மாளுக்கு ரெண்டு பிறந்த வருஷம்! பெயர் அதைவிட மோசம். பட்டாளத்துக் காகிதத்தில் 'சந்த மாயா', ஊர்க் காகிதத்தில் 'சாந்தா மாயா' என்றிருந்தால் போச்சு.

புருஷன் பெயரை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்கிறீர்களா? கூர்க்கா பட்டாளத்தில் ஒரே கம்பெனியில் அஞ்சாறு பேர் அச்சடித்த மாதிரி ஒரே பெயரில் இருப்பார்கள். ராணுவ நம்பரின் கடைசி ரெண்டு எண்ணைச் சேர்த்துத்தான் கூப்பிடுவது வழக்கம். அந்த நம்பர் எழுதிய காகிதம் எந்தப் பெட்டியில் என்று தெரிந்த ஒரே ஆள், அந்தப் பகதூர்தான். அவரோ இப்போது இல்லை.

சாதாரணக் குடும்பப் பென்ஷன் என்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அதை வாங்க எழுபது வயசுக் கிழவி மலையிறங்கி வந்து, ஓர் எழுத்து இடிக்கிறது என்று திரும்ப ஏறிப் போவதை நினைத்தால் ஜோக் வரமாட்டேன் என்கிறது. முகாம் பக்கத்தில் வருவதும், மனு எழுதித் தர ஓர் ஆள் இருப்பதும் இவர்களுக்குப் பெரிய உபகாரம். அதைவிடப் பெரிய உபகாரம், பகதூர் உயிரோடு இருக்கும்போதே முகாமில் அவர் மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்துத் திருத்திவிடுவது. மெடலும் பரேடும் அப்புறம் இருக்கட்டும்.

2022-ல் நாலு வருஷ அக்னிபத் திட்டம் வந்ததும் நேபாளம் ஆள்சேர்ப்பைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டது. புதுச் சிப்பாய் வராவிட்டாலும் பழைய சிப்பாய்க்கும் அவர் மனைவிக்கும் இன்னும் பல பத்து வருஷம் பென்ஷன் போயாக வேண்டும்.

அது சரி, உங்கள் அப்பா பென்ஷன் வாங்குகிறவரா? இன்றைக்குச் சாயங்காலம் பீரோவைத் திறந்து பென்ஷன் ஆர்டரை எடுங்கள். பக்கத்திலேயே அம்மாவின் ஆதாரை வையுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப் போகிறதா? இல்லையென்றால் நாளைக்கே லீவு போடுங்கள். நமக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்தானே!