மடிக்கணினி தளர்வது ஏன்?

சென்ற மாதம் நம் நண்பர் ஒருவர் கவலை தோய்ந்த முகத்துடன் நம் இல்லத்துக்கு வந்தார். உயர்தர வகுப்பிற் பயிலும் அவருடைய மகனின் மடிக்கணினி, விளையாட்டின் நடுவே திக்கித் திக்கி இயங்குகிறதாம். புதியது வேண்டுமென்று மகன் கேட்கின்றான்; விளையாடி விளையாடியே இதனைப் பாழாக்கினாய் என்று தந்தை சினக்கின்றார். இருவரும் பேசி மூன்று நாளாயிற்று. தாயாரோ சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்கவும் துணிந்துவிட்டார்.

நாம் நண்பரிடம் கேட்டது ஒன்றே: “தளர்ச்சி தொடக்கத்திலேயே உண்டா? அன்றிச் சற்று நேரஞ் சென்ற பின்னரா?” இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு.

விளையாட்டில் நாம் காணும் அசைவு யாவும் தனித்தனிப் படங்களின் தொடர்ச்சியே. செக்கனுக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமாயின், ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 17 மில்லிசெக்கனுக்குள் கணினி வரைந்து முடித்தல் வேண்டும். இக்கடும் உழைப்பினால் வெப்பம் பிறக்கின்றது. அதனை வெளியேற்றச் சிறு விசிறியும் உலோகத் தகடுகளும் உள்ளன. தகடுகளின் இடையே தூசி அடைத்துக்கொண்டால் வெப்பம் உள்ளேயே தங்கும். வெப்பநிலை 95 அல்லது 100 பாகை செல்சியசை அணுகியதும், பெரும்பாலான கணினிகளின் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே, முதலில் நன்றாய் ஓடிப் பத்துப் பதினைந்து நிமிடத்தின் பின் தளர்வதாயின், முதலில் ஐயுற வேண்டியது வெப்பத்தையே.

இதனை வீட்டிலேயே அறியலாம். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருங்கே அழுத்தினால் ‘டாஸ்க் மனேஜர்’ தோன்றும். அதில் செயலியின் வேகம் கிகாஹேர்ட்ஸ் அளவிற் காட்டப்படும். விளையாட்டுத் தளரும் வேளையில் அவ்வெண்ணும் பெரிதும் வீழ்ந்திருப்பின் நம் ஐயம் வலுப்பெறும். மெத்தையிலும் தலையணையிலும் கணினியை வைத்தலாகாது. அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். பின்மூடியைத் திறந்து தூசி நீக்கப் பழக்கமில்லாதோர், அறிந்த தொழிலாளரிடம் ஒப்படைத்தலே நன்று. செயலிக்கும் தகட்டுக்கும் இடையே பூசப்பட்ட வெப்பப் பசை உலர்ந்திருப்பின் அதனையும் மாற்றச் சொல்லலாம்.

தொடக்கம் முதலே தளர்ச்சி உண்டெனின் வேறு மூன்றை நோக்குக. முதலாவது, மின்னிணைப்பு. மின்கலத்தில் மாத்திரம் இயங்குங்கால் கணினி தன் முழு ஆற்றலையும் காட்டாது. இரண்டாவது, கிரபிக்ஸ் செயலி. பல மடிக்கணினிகளில் அது இரண்டு உண்டு. விளையாட்டு, வலிமை குன்றியதைப் பற்றிக்கொண்டிருக்கலாம். விண்டோஸின் திரை அமைப்புகளில் ‘கிரபிக்ஸ்’ என்னும் பகுதியிற் சென்று, அவ்விளையாட்டுக்கு வலியதனைத் தெரிவு செய்யலாம். மூன்றாவது, நினைவகம். தனிக் கிரபிக்ஸ் செயலி இல்லாத கணினி, படம் வரைவதற்கும் பொது நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்ளும். அங்கு ஒரே நினைவகத் தகடு இருந்து, மற்றோர் இடம் வெறுமையாய் இருப்பின், இணையான ஒன்றைச் சேர்த்தல் நற்பயன் தரும்.

இவையாவுஞ் செய்தும் தளர்ச்சி நீங்காவிடின், விளையாட்டு அக்கணினியின் ஆற்றலுக்கு மிஞ்சியதாகலாம். அப்பொழுதும் வழியுண்டு. 1920க்கு 1080 என்னும் திரையளவில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை வரைய வேண்டும். 1280க்கு 720 எனக் குறைப்பின் ஒன்பது இலட்சத்துச் சொச்சமே. தெளிவு சிறிது குன்றும்; சுமை பாதியிலும் குறையும். இதன் பின்னரும் மனம் நிறையாதெனின், அப்பொழுது புதியதைப் பற்றி எண்ணலாம்.

நண்பர் வீட்டுக் கணினியின் நோய் முதல் வகையைச் சேர்ந்தது. தொழிலாளர் மூடியைத் திறந்தபோது, தகடுகளின் வாயிலிற் பஞ்சுபோற் படிந்திருந்த தூசி ஒரு பிடி வந்தது. சீட்டுப் பணம் இன்னமும் வீட்டிலேயே இருக்கின்றது. நாள்தோறும் இரவில் அதனைக் கட்டிலில் வைத்துப் படம் பார்த்தவர் தாமே என்று நண்பர் நாணத்துடன் நம்மிடம் ஒப்புக்கொண்டார். அதனை மகனிடமும் சொல்லிவிடுங்கள் என்றோம்.