உங்கட கொம்பியூட்டர் சாகேல்லை

"இதுக்கு விண்டோஸ் 11 ஏறாது தம்பி. இதை வித்துப்போட்டுப் புதுசு ஒண்டு எடுங்கோ."

2025 ஒக்டோபர் 14க்குப் பிறகு கொம்பியூட்டர் திருத்தக் கொண்டுபோகிற பலரும் ஏதோ ஒரு கடையில் கேட்கிற வசனம் இது. அன்றைக்குத்தான் மைக்ரோசொப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியது. அடுத்த நாளும் அந்த மெஷின் வழமைபோல ஒன் ஆகியது, பாட்டுப் படித்தது, அசைன்மென்ற் அடித்தது. ஆனாலும் அது செத்துப்போச்சு எண்டு எங்களை நம்பவைக்கிறார்கள்.

எங்களில் பெரும்பாலானோருக்குப் புதுக் கொம்பியூட்டர் தேவையில்லை. தேவைப்படுகிற ஆக்களும் பெட்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் தொடங்கக்கூடாது. செய்யப்போகிற வேலையில் தொடங்கவேண்டும். நான் சொல்லவருவது இவ்வளவுதான்.

முதலில் அந்த "ஏறாது" கதையைப் பார்ப்போம். விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், மைக்ரோசொப்டின் பட்டியலில் உள்ள புரொசெசரும் வேண்டும். பொதுவாகச் சொன்னால் இன்ரெலில் 8ஆம் தலைமுறையிலிருந்து, ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையிலிருந்து. 2017 ஜனவரியில் வந்த கோர் ஐ7 7700க்கு நாலு கோர், எட்டுத் திரெட். அது பட்டியலில் இல்லை. ரெண்டே ரெண்டு கோர் உள்ள செலரோன் என்4020 பட்டியலில் இருக்கு! குரோமில் பத்து டாப் திறந்தால் மூச்சு வாங்குகிற சாமானுக்குத் தகுதி உண்டாம், நல்லா ஓடுகிற குதிரைக்கு இல்லையாம்.

பாதுகாப்புக்காகத்தான் என்பது அவர்களின் பதில். அதில் உண்மை இருக்கிறது. புதிய புரொசெசர்களில் சில பாதுகாப்பு ஏற்பாடுகள் வேகத்தைக் கெடுக்காமல் ஓடும். ஆனால் 7ஆம் தலைமுறைக் காலத்துப் போர்ட்கள் பலவற்றில் டி.பி.எம். 2.0 ஏற்கனவே இருக்கு. அதோட, விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2026 ஒக்டோபர் வரை இன்னும் ஒரு வருசம் தருகிறோம் என்று அதே மைக்ரோசொப்ட்தான் சொன்னது. பல நாடுகளில் அதற்குக் கேட்ட விலை 30 டொலர், இல்லாட்டி உங்கட செற்றிங்குகளை அவர்களின் கணக்கோடு இணைத்துவிடவேண்டும். அப்படியென்றால் திருத்தங்கள் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கு. கதவைப் பூட்டியது வியாபாரக் கணக்கு.

அந்தக் கணக்கை இங்கே யார் கட்டுவது? 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், ரெண்டு மாதத்தில் 360ஐத் தாண்டியது. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆகியது. 2025 கடைசியில் ஏ.ஐ. கொம்பனிகள் மெமரிச் சிப்புகளை அள்ளிக்கொண்டுபோக உலகம் முழுக்க றாம் விலை ஏறியது. எங்களுக்கு ஒரு லப்டொப் என்பது அம்மாவின் சீட்டுக்காசு, இல்லாட்டி வெளிநாட்டில் இருக்கிற மாமா ஓவர்டைம் செய்து அனுப்புகிற காசு, இல்லாட்டி அடகுக்குப் போன சங்கிலி. அதைக் கேட்கமுதல் பத்துத்தரம் யோசிக்கவேணும்.

இனி எங்கட பக்கத்துப் பிழைக்கு வாறேன். "ஏன் காசு? கிராக் பண்ணிப் போடலாமே." ஊரில் 'விண்டோஸ் அடிக்கிறது' என்றாலே பெரும்பாலும் இதுதான். கிராக் செய்கிற அந்தக் குட்டி சொவ்ட்வேர் முதலில் என்ன கேட்கும் தெரியுமோ? அன்டிவைரஸை நிப்பாட்டச் சொல்லும். கள்ளன் வாறதுக்கு முதல் நாயைக் கட்டிப்போடச் சொல்லுற மாதிரி. பிறகு கிராக் போய்விடும் என்ற பயத்தில் அப்டேற்றையும் நிப்பாட்டுவோம். 2017 மே மாதம் வொன்னாக்கிரை வைரஸ் உலகம் முழுக்கக் கொம்பியூட்டர்களைப் பூட்டிக் கப்பம் கேட்டபோது, அதற்கான திருத்தம் வெளிவந்து ரெண்டு மாதம் ஆகியிருந்தது. அதைப் போடாதவர்கள்தான் அடிவாங்கினார்கள். அந்த 'ஓசி' விண்டோஸில்தான் நாங்கள் வங்கிக் கடவுச்சொல்லை அடிக்கிறோம்.

அதனால், பள்ளிக்கூடத்தில் 'பணிசெயல் முறைமை' என்று பாடமாக்கினோமே, அதை முதலில் தெரிவு செய்யுங்கோ. உங்கட வேலை பிரவுசர், படம் பார்ப்பது, அசைன்மென்ற், சூம் வகுப்பு, புரோகிராமிங் என்றால் லினக்ஸ் மின்ற் போதும். அது சட்டப்படியே இலவசம். 22ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 4 ஜி.பி. றாமிலேயே ஓடும், 8 என்றால் வசதி. பென்ட்ரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். தமிழ்99, ரெங்கநாதன் ரெண்டு விசைப்பலகையிலும் யுனிகோட்டில் தட்டலாம். பாமினியில் அடித்த பழைய நோட்டீஸுகளைத் திறக்க அந்த எழுத்துரு ஃபைலைக் கொப்பி பண்ணிப் போட்டால் சரி.

போட்டோசொப், பிரீமியர், ஓட்டோகாட் வைத்து உழைக்கிறவர்களிடம் லினக்ஸுக்கு வா என்று பிரசங்கம் வைக்காதேங்கோ. அவை அதில் நேரடியாக ஓடாது. வலோரன்ற் விளையாடுகிற பெடியளுக்கும் சரிவராது. லிப்ரே ஒபிஸில் திறந்தால் வேர்ட் ஃபைலின் வடிவம் சிலவேளை குழம்பும், கம்பஸுக்கு அனுப்பமுதல் பி.டி.எஃப். ஆக்குங்கோ. இந்தக் குறைகளை மறைத்து விற்றால் எங்களுக்கும் அந்தக் கடைக்காரருக்கும் என்ன வித்தியாசம்?

அடுத்தது வன்பொருள். மெஷின் ஸ்லோ என்றால் உடனே புரொசெசரைத் திட்டுகிறோம். பழைய மெஷின்களில் பெரும்பாலும் குற்றவாளி சுழல்கிற ஹார்ட் டிஸ்க். ஒரு எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கோ, பிறகு முடிவெடுங்கோ. றாம் கூட்டவேணும் என்றால் பாவித்த றாம் தேடுங்கோ.

இவ்வளவும் செய்தும் போதாது என்றால் புரொசெசர் வாங்கலாம். ஆனால் 'ஐ7' என்ற பெயருக்கு மயங்கவேண்டாம். 2011இல் வந்த ஐ7 2600, 2022இல் வந்த ஐ3 12100 ரெண்டுக்கும் நாலு கோர், எட்டுத் திரெட்தான். வேகத்தில் அந்த 'சின்ன' ஐ3 ரெண்டு மடங்குக்கும் மேல். லப்டொப்பில் வருகிற ஐ7 7500யூவுக்கு ரெண்டே கோர்தான். ஏ.எம்.டி.யும் புனிதர் இல்லை. 2022இல் வந்த ரைசன் 5 7520யூ, 7000 என்ற புது எண்ணுக்குள் 2019ஆம் ஆண்டின் சென் 2 வடிவமைப்பை வைத்திருக்கு. இன்ரெல் டெஸ்க்டொப் புரொசெசரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. விலை குறைவு என்று வாங்கிவந்தால் திரை கறுப்பாகவே இருக்கும், பிறகு கிராபிக்ஸ் கார்ட்டுக்கும் காசு தேடவேணும்.

சிக்கனமாகப் புதிதாகக் கட்டுகிறவருக்கு ஐ3 12100, இல்லாட்டி ஆறு கோரும் உள்கிராபிக்ஸும் உள்ள ரைசன் 5 5600ஜி தாராளம். ரெண்டிலும் விண்டோஸ் 11ம் ஏறும், லினக்ஸும் ஓடும். முதல் தலைமுறை ரைசனை 2017இல் வாங்கியவர் என்றால் முழு மெஷினையும் மாற்றத் தேவையில்லை. ஏ.எம்.4 போர்ட்கள் பலவற்றில் பயோஸை அப்டேற் பண்ணினால் 2022இல் வந்த ரைசன் 5 5600 அப்படியே பொருந்தும். போர்ட் செய்த கொம்பனியின் தளத்தில் உங்கட மாடலுக்கு அந்த ஆதரவு இருக்கா என்று பார்த்துவிட்டுக் காசைக் குடுங்கோ.

எங்கட சனசமூக நிலையங்களிலும் ரியூசன் கொட்டில்களிலும் 6ஆம், 7ஆம் தலைமுறை மெஷின்கள் தூசு பிடித்துக் கிடக்கின்றன. அதே ஒழுங்கையில் ஏ.எல். படிக்கிற பிள்ளை ஃபோனின் சின்னத் திரையில் கோடிங் பழகுது. ஒரு பென்ட்ரைவ், ஒரு எஸ்.எஸ்.டி., ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதுக்கு மைக்ரோசொப்டிட்ட அனுமதி கேட்கத் தேவையில்லை. நிலையத்துத் தலைவரிட்ட திறப்பு வாங்கினால் போதும்.