தவறு முதற்பக்கத்தில், திருத்தம் எந்தப் பக்கத்தில்?

பத்திரிகைச் செய்தியொன்றால் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு இலங்கையில் இன்று நான்கு வழிகள் திறந்திருக்கின்றன. ஆசிரியருக்கு எழுதித் திருத்தம் கோரலாம். சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டு மாவட்ட நீதிமன்றத்தில் மானநஷ்ட வழக்குத் தொடரலாம். 1973 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பத்திரிகைப் பேரவையை நாடலாம். அல்லது பத்திரிகைத் துறையே 2003 ஒக்டோபரில் நிறுவிக்கொண்ட பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவை நாடலாம். முதல் வழி ஆசிரியரின் மனத்தைப் பொறுத்தது. இரண்டாவது பணத்தையும் ஆண்டுகளையும் தின்று தீர்ப்பது. மூன்றாவதும் நான்காவதும் பெயரளவில் ஒன்றுபோலத் தோன்றுவதால் வாசகர்கள் பலரும் இரண்டையும் ஒரே அமைப்பென்று நினைக்கிறார்கள். உண்மையில் முன்னது அரசாங்கம் பத்திரிகைகளின்மீது வைத்த கை. பின்னது அந்தக் கையை விலக்குவதற்காகப் பத்திரிகைகள் தாமாகவே முன்வந்து கொடுத்த வாக்குறுதி.

பத்திரிகைப் பேரவைச் சட்டம் பிறந்த காலத்தை நினைவிற்கொண்டால் அதன் இயல்பு விளங்கும். லேக் ஹவுஸ் என்று அறியப்படும் பத்திரிகை நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை அரசாங்கம் தனதாக்கிக்கொண்டதும் அதே 1973 ஆம் ஆண்டில்தான். பொய்யான, திரிக்கப்பட்ட செய்திகளைப் பற்றிய பொதுமக்களின் முறைப்பாடுகளை விசாரித்துத் திருத்தமோ மன்னிப்போ வெளியிடச் செய்யும் அதிகாரத்தை அச்சட்டம் பேரவைக்கு வழங்கியது என்பது உண்மையே. ஆயினும் அமைச்சரவைக் கூட்ட நடவடிக்கைகளென்று கூறி எதையேனும் வெளியிடுவதையும் அரச இரகசியங்களை வெளியிடுவதையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாக்கும் பிரிவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. பேரவையின் உறுப்பினர்களை நியமிப்பவரும் ஜனாதிபதியே. வாசகனின் மனக்குறையைத் தீர்க்கும் அமைப்புக்கும் அமைச்சரவையின் இரகசியத்தைக் காக்கும் தண்டனைப் பிரிவுக்கும் ஒரே சட்டத்தில் என்ன வேலை என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டாக எவரும் நேரான பதில் சொன்னதில்லை. செயலிழந்து கிடந்த இந்தப் பேரவைக்கு 2009 இல் ஓர் அரசாங்கமும் 2015 இல் இன்னோர் அரசாங்கமும் மீண்டும் உயிரூட்டின. எதிரெதிர் அணிகளைச் சேர்ந்த இரண்டு அரசாங்கங்களுக்கும் இந்த ஒரு விடயத்திலாவது கருத்து ஒற்றுமை இருந்திருக்கிறது.

முறைப்பாட்டு ஆணைக்குழுவின் கதை வேறு. தொண்ணூறுகளில் இலங்கையின் பத்திரிகை ஆசிரியர்கள் பெரிதும் அஞ்சியது குற்றவியல் அவதூறுச் சட்டத்துக்கு, அதாவது ஒருவரின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிப்பதை நட்டஈட்டுக்குரிய தீங்காக மட்டுமன்றிச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவும் கருதிய தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகளுக்கு. அப்போதைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவைப் பற்றிய ஒரு கிசுகிசுப் பத்திக்காக ‘சண்டே டைம்ஸ்’ ஆசிரியருக்கு 1997 இல் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பத்திரிகை ஆசிரியர்களும் உரிமையாளர்களும் சுதந்திர ஊடக இயக்கத்தினரும் கொழும்பில் கூடி, ஊடகச் சுதந்திரமும் சமூகப் பொறுப்பும் பற்றிய கொழும்புப் பிரகடனத்தை வெளியிட்டனர். சட்டத்தின் பிடியைத் தளர்த்தினால் எங்கள் தவறுகளை நாங்களே விசாரிக்கும் அமைப்பொன்றை நிறுவுவோம் என்பதே அதன் சாரம். 2002 இல் பாராளுமன்றம் குற்றவியல் அவதூறுப் பிரிவுகளை நீக்கியது; மறு ஆண்டு ஆணைக்குழு பிறந்தது. ஆகவே இந்த ஆணைக்குழு பத்திரிகைத் துறை பொதுமக்களுக்குப் பெருந்தன்மையோடு அளித்த கொடையன்று. ஓர் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு தன் பங்கை நிறைவேற்றிவிட்டபின் மறு தரப்பு நிறைவேற்ற வேண்டியிருந்த கடமை அது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அந்தக் கடமையின் நினைவு மங்கிவிட்டதா என்பதே இங்கு எழும் கேள்வி.

ஆணைக்குழுவின் செயல்முறை எளிமையானது. முறைப்பாட்டாளர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை; சட்டத்தரணியும் தேவையில்லை. பத்திரிகை ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக்கோவையே, அதாவது செய்தியின் துல்லியம், பதிலளிக்கும் உரிமை, தனிமனித அந்தரங்கம் முதலியவை பற்றிய எழுதப்பட்ட விதிகளே, உரைகல். முதலில் பத்திரிகைக்கும் முறைப்பாட்டாளருக்கும் இடையே இணக்கம் காண முயல்வார்கள். அது கைகூடாவிட்டால் பத்திரிகைத் துறையைச் சேர்ந்தவர்களும் சேராதவர்களுமாகப் பதினொருவரைக் கொண்ட பிணக்குத் தீர்வுச் சபையின் முன் விடயம் செல்லும். பாராளுமன்றச் செயலாளர் நாயகமாக இருந்து ஓய்வுபெற்ற சாம் விஜேசிங்க அதன் முதல் தலைவராக இருந்தார். 1995 ஆம் ஆண்டின் நடுத்தீர்ப்புச் சட்டத்தை, அதாவது இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட மூன்றாமவரின் முடிவுக்குச் சட்ட வலு அளிக்கும் சட்டத்தை, துணைக்கொண்டதால் தன்னார்வ அமைப்பொன்றின் முடிவுக்கும் ஒரு முதுகெலும்பு கிடைத்தது. வேலித் தகராற்றையும் சிறு கடன் வழக்கையும் நீதிமன்றப் படியேறாமல் தீர்த்துவைக்கும் இணக்கசபைகளோடு பழகிய சமூகத்துக்கு இந்த முறை அந்நியமானதன்று.

இத்தகைய அமைப்பின் பயன் எதுவென்பதைப் பாதிக்கப்பட்டவரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். வவுனியாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். போதைப்பொருளோடு கைதான வேறொருவருக்கும் அவருக்கும் ஒரே பெயர். செய்தியை முந்தித் தரும் அவசரத்தில் முகநூலிலிருந்து எடுக்கப்பட்ட படம் கடைக்காரருடையது. அது முதற்பக்கத்தில் மூன்று பத்தி அகலத்தில் வந்துவிடுகிறது. மறுநாள் வாடிக்கையாளர்கள் தெருவின் மறுபக்கக் கடைக்குப் போகிறார்கள், பாடசாலையில் பிள்ளையிடம் சக மாணவர்கள் விசாரிக்கிறார்கள், மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் தள்ளிப்போகிறது. இந்த மனிதருக்கு ஆசிரியர் சிறைக்குப் போவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து வரக்கூடிய நட்டஈட்டாலும் அந்தச் சம்பந்தம் திரும்பாது. படத்தில் இருந்தவருக்கும் வழக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்ற செய்தி அதே வாரத்தில், அதே பக்கத்தில், அதே படத்துடன் வருவதே அவருக்கு வேண்டியது. நடைமுறையில் அவருக்குக் கிடைப்பதோ எட்டாம் பக்கத்தில் மரண அறிவித்தல்களுக்குக் கீழே, ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்ற தலைப்பில், எந்தத் தவறு என்பதைக்கூடத் தெளிவாகச் சொல்லாத மூன்று வரிகள். முதற்பக்கத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த மூன்று வரிகளைத் தேடிப் படிப்பார்கள்?

தன்னார்வ ஊடகப் பேரவைகளின் வலிமை தண்டப்பணத்தில் இருக்கிறதா, சட்ட அங்கீகாரத்தில் இருக்கிறதா என்ற விவாதம் உலகெங்கும் நடக்கிறது. இந்தத் துறையில் மூத்த அமைப்பான சுவீடனின் பத்திரிகைப் பேரவை 1916 இல் வெளியீட்டாளர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. தோற்ற பத்திரிகை அங்கே ஒரு கட்டணத்தைச் செலுத்துகிறது; ஆனால் ஆசிரியர்களை உறுத்துவது அந்தத் தொகையைவிட, தம்மைக் கண்டிக்கும் முடிவைத் தம் பத்திரிகையிலேயே அச்சிட வேண்டியிருப்பதுதான். ஒரு பத்திரிகையிடம் இருக்கும் விலைமதிப்புள்ள சொத்து அதன் பக்கம். அந்தச் சொத்தில் ஒரு பகுதியை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கச் செய்யும் அமைப்பே வலிமையானது. மற்ற அதிகாரங்கள் எல்லாம் இதற்கு அடுத்தபடியே.

பிரித்தானியாவில் நடந்த ஒன்று இதற்குச் சான்று. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவது பற்றிய மக்கள் வாக்கெடுப்புக்குச் சில மாதங்கள் முன்னர், 2016 மார்ச் 9 இல், மகாராணி எலிசபெத் வெளியேற்றத்தை ஆதரிக்கிறார் என்ற பொருள்படும் தலைப்பை ‘தி சன்’ தன் முதற்பக்கத்தில் வெளியிட்டது. பக்கிங்காம் அரண்மனை முறைப்பாடு செய்தது. சுயாதீன பத்திரிகைத் தர நிர்ணய அமைப்பு விசாரித்து, அந்தத் தலைப்பு வாசகரைத் தவறாக வழிநடத்துவதாக மே மாதம் முடிவு செய்தது. அந்த முடிவை இரண்டாம் பக்கத்தில் முழுமையாக வெளியிடுவதோடு முதற்பக்கத்தில் அதைச் சுட்டும் குறிப்பும் இடவேண்டும் என்று கட்டளையிடப்பட்டு, பத்திரிகையும் அவ்வாறே செய்தது. தவறு நடந்ததாக ஆசிரியர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை; ஆயினும் அவருடைய பத்திரிகை அச்சிட்டது. தன்னார்வ ஒழுங்குமுறை எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதையும் எங்கே தளர்கிறது என்பதையும் இந்த ஒரே நிகழ்வு காட்டுகிறது. அரண்மனைக்கே முடிவு கிடைக்க ஏறத்தாழ பத்து வாரங்கள் ஆயின என்றால் கடைக்காரரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரித்தானியாவின் அந்தத் தர நிர்ணய அமைப்புக்கு முன்னோடியாக இருந்த பத்திரிகை முறைப்பாட்டு ஆணையத்தின் வீழ்ச்சி இலங்கைக்கு நேரடியான பாடம். அது 1991 இல், அரசாங்கம் சட்டம் கொண்டுவந்துவிடும் என்ற அச்சத்தின் நடுவே பிறந்தது. அதற்கும் முந்திய பேரவை 1953 இல் உருவானதும் பாராளுமன்றத்தில் ஒரு தனிநபர் சட்டமூலம் முன்வைக்கப்பட்டு நெருக்கடி தோன்றிய பின்னரே. அயர்லாந்தின் பத்திரிகைப் பேரவை 2008 இல் பிறந்தபோதும் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டமூலமொன்று பின்னணியில் காத்திருந்தது. தன்னார்வம் என்ற பெயரைத் தாங்கிய இந்த அமைப்புகள் பெரும்பாலும் சட்டத்தின் நிழலில் முளைத்தவையே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த நிழல் விலகியதும் அவை தூங்கிப்போவதுதான் சிக்கல். பத்திரிகைகளின் பணத்தில் இயங்கிய பிரித்தானிய ஆணையம், ‘நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்’ பத்திரிகையினர் பிறரது தொலைபேசிக் குரற்செய்திகளை ஒட்டுக்கேட்டது பரவலான வழக்கமாக இருந்ததென ‘கார்டியன்’ 2009 இல் எழுதியபோது, அதற்கு ஆதாரம் இல்லையென்று அறிக்கை வெளியிட்டு, வெளிப்படுத்திய பத்திரிகையையே குறை கூறியது. 2011 ஜூலையில் உண்மை வெடித்து அந்த 168 ஆண்டுப் பழைமையான பத்திரிகை மூடப்பட்டபோது ஆணையம் தன் அறிக்கையைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதன் கதை அத்தோடு முடிந்துவிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ குழுமம் ஆணையத்திலிருந்து வெளியேறியிருந்தது. போகிறவர்களைத் தடுக்கவோ வெளியில் நிற்பவர்களை விசாரிக்கவோ அதற்கு வழி இருக்கவில்லை. முறைப்பாடுகளைச் சமரசம் செய்து வைப்பதில் திறமை காட்டிய அந்த அமைப்பு, தன்னை ஒழுங்குபடுத்தும் அமைப்பென்று அழைத்துக்கொண்டதே தவறு என்பது இந்த விவகாரத்தை விசாரித்த லெவசன் நீதிபதியின் 2012 ஆம் ஆண்டு அறிக்கையைப் படிப்பவருக்குத் தோன்றும்.

இன்னொரு குறைபாடு இலங்கைக்கு இன்னும் நெருக்கமானது. பிரித்தானிய ஒழுக்கக்கோவையில் பாகுபாட்டைத் தடுக்கும் விதி குறிப்பிட்ட தனிமனிதரை இழிவுபடுத்துவதற்கு மட்டுமே பொருந்துகிறது. ஒரு சமூகம் முழுவதையும் இழிவுபடுத்தினால் பொருந்துவதில்லை. 2015 இல் குடிபெயர்வோரைக் கரப்பான் பூச்சிகளோடு ஒப்பிட்ட பத்திக்கு எதிரான பாகுபாட்டு முறைப்பாடுகள் இந்தக் காரணத்தாலேயே எடுபடவில்லை. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் கண்டித்த பத்தி அது. குற்றச் செய்தியில் சந்தேகநபரின் இனத்தையும் மதத்தையும் தேவையில்லாமல் தலைப்புக்கு ஏற்றும் பழக்கமும், ஒரே சம்பவத்தைச் சிங்களப் பத்திரிகை ஒருவிதமாகவும் தமிழ்ப் பத்திரிகை வேறுவிதமாகவும் எழுதும் பழக்கமும் உள்ள நாட்டில், பாதிக்கப்பட்ட தனிமனிதர் முன்வந்தால்தான் விசாரிப்போம் என்ற நிலைப்பாடு போதுமானதாகாது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் முஸ்லிம்களைப் பற்றி அச்சேறியவற்றில் எத்தனை ஒரு பெயரையும் குறிப்பிடாமலேயே ஒரு சமூகத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தின என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு சமூகத்தின் சார்பில் பள்ளிவாசல் சம்மேளனமோ குடியியல் அமைப்போ கொண்டுவரும் முறைப்பாட்டையும் முழு அளவில் விசாரிக்கும் வழி வேண்டும் என்பது விளங்கும்.

தன்னார்வ முறை பயனற்றது, ஆகவே அரச பேரவையே மேல் என்ற முடிவுக்கு இவற்றிலிருந்து வருவது அவசரப்படுவதாகும். இந்தியாவின் பத்திரிகைப் பேரவை சட்டத்தால் அமைந்ததே. ஆயினும் 1976 இல் அவசரநிலையின்போது அதே சட்டத்தின் கையால் கலைக்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் அமைந்தது. எந்த நேரத்தில் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பு மிகவும் தேவையோ அந்த நேரத்தில் இல்லாமற்போனது அது. இலங்கையில் 2024 இல் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டமும் ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவொன்றின் கையில் உள்ளடக்கத்தை அகற்றச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. பொய்ச் செய்தியைத் தடுக்கவே இந்த அதிகாரம் என்று எந்த அரசாங்கமும் சொல்லும். பத்திரிகைத் துறை தன் வீட்டைத் தானே கூட்டாதவரை அந்த வாதத்துக்குப் பொதுமக்களிடம் செவி கிடைத்துக்கொண்டேயிருக்கும்.

நடுவழி ஒன்றை அயர்லாந்து காட்டுகிறது. அங்கே பேரவையின் பதின்மூன்று உறுப்பினர்களில் தலைவர் உட்பட எழுவர் பத்திரிகைத் துறைக்கு வெளியிலிருந்து வருகிறார்கள். தண்டம் விதிக்கும் அதிகாரம் இல்லை, முடிவை வெளியிடச் செய்யும் அதிகாரம் மட்டுமே உண்டு. ஆனால் 2009 ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் அந்தப் பேரவையை அங்கீகரித்து, பேரவையில் சேர்ந்து அதன் ஒழுக்கக்கோவைக்கு உட்பட்டு நடந்த பத்திரிகை, நியாயமான முறையில் வெளியிட்டோம் என்று நீதிமன்றத்தில் வாதாடும்போது அதைக் கவனத்திற்கொள்ள இடமளிக்கிறது. அரசாங்கம் உறுப்பினரை நியமிக்கவில்லை, முடிவிலும் தலையிடவில்லை; சேர்வோருக்கு ஒரு சலுகை உண்டு என்று மட்டும் சட்டம் சொல்கிறது. வெளியில் நிற்கும் இணையச் செய்தித் தளங்களை உள்ளே இழுக்கவும் இதுவே மரியாதையான வழி.

இலங்கைப் பாராளுமன்றம் 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தை, குறிப்பாக அதன் தண்டனைப் பிரிவை, நீக்கிவிட்டு அயர்லாந்தைப் போன்ற அங்கீகாரத்தை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு அளிக்க வேண்டும். ஆனால் பாராளுமன்றத்துக்காகக் காத்திருக்காமல் பத்திரிகைகள் நாளையே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆணைக்குழுவின் முகவரியையும் முறைப்பாடு செய்யும் முறையையும் மும்மொழிப் பத்திரிகைகளும் ஆசிரியர் தலையங்கப் பக்கத்தில் நாள்தோறும் வெளியிடட்டும். முதற்பக்கத் தவறுக்கான திருத்தம் முதற்பக்கத்திலேயே வரும் என்று எழுத்தில் உறுதியளிக்கட்டும். இந்த இரண்டையும் செய்ய மறுக்கும் பத்திரிகை, பேரவைச் சட்டத்தை நீக்கக் கோரித் தலையங்கம் தீட்டும்போது வாசகர்கள் அதை ஐயத்தோடு படிப்பதே முறை.